ஐயெல்ட்ஸ் ரைட்டிங்கில் 6-லேயே நின்ற கதை: கனெக்டர் பட்டியலை நம்பியதும் அதன் பிறகும்

ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிற நர்ஸ் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும். ஆனால் நைட் டூட்டி முடித்துவிட்டுக் கண்ணெரிச்சலோடு டவுன் பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, கோச்சிங் வகுப்பில் தூங்கி விழாமல் இருக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. எங்கள் வார்டில் எனக்கு முன்னால் இங்கிலாந்து போனவர்கள் யாரும் கிடையாது.

சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வேலை கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால், அங்குள்ள நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் ஐயெல்ட்ஸ் அகாடமிக்கில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 பேண்ட், அதாவது மதிப்பெண், ரைட்டிங்கில் 6.5 கேட்கிறது. ஒரு காலத்தில் ரைட்டிங்குக்கும் 7 கேட்டார்கள், 2018 கடைசியில்தான் அரை பேண்ட் குறைத்தார்கள். அந்த அரை பேண்ட் சலுகையும் எனக்கு எட்டவில்லை. மற்ற மூன்றும் முதல் முறையே வந்துவிட்டன. ரைட்டிங் மட்டும் 6. மறுபடி எழுதினேன், மறுபடி 6.

நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் ரைட்டிங் வகுப்பு தொடங்கியதே ஒரு பட்டியலோடுதான். முன்னும் பின்னும் அச்சடித்த தாள், லேமினேஷன் போட்டது. இடப்பக்கம் மோர்ஓவர், ஃபர்தர்மோர், நெவர்தலெஸ், கான்சிக்வென்ட்லி என்று வரிசையாகக் கனெக்டர்கள், அதாவது ஆங்கில இணைப்புச் சொற்கள், வலப்பக்கம் தமிழ் அர்த்தம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட வேண்டும். ஒவ்வொரு வரியும் இதில் ஒன்றோடு தொடங்க வேண்டும், ஒரு முறை போட்டது திரும்ப வரக்கூடாது. "ஏனுங் சிஸ்டர், இந்த வரிக்குக் கனெக்டர் எங்கீங்? கனெக்டர் இல்லாத வரிக்கு எக்ஸாமினர் மார்க் போட மாட்டாருங்" என்பார் பயிற்சியாளர். கட்டுரையைத் திருத்துவது என்றால் சிவப்பு மையில் கனெக்டர்களை வட்டமிட்டு எண்ணிக்கையை மேலே எழுதுவதுதான். எண்ணிக்கை கூடக் கூட "சூப்பர்" என்று பக்கத்தில் எழுதுவார். நான் நிறைய சூப்பர் வாங்கினேன்.

பயிற்சிக் கட்டணம் 14,000 ரூபாய். தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு முறையும் 17,000 ரூபாயை ஒட்டி வந்தது. டூட்டி மாற்றிக்கொடுத்த தோழிகளுக்குத் திருப்பிச் செய்த நைட் ஷிஃப்ட்டுகளையும் சம்பளம் இல்லாத விடுப்பையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் முறை பணம் கட்டுவதற்கு, அப்பா நல்ல விலை வரட்டும் என்று போட்டு வைத்திருந்த மஞ்சளில் கொஞ்சத்தை ஈரோட்டுக்கு எடுத்துப் போய், வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த முறையும் 6 என்று போனில் சொன்னபோது, "போச்சாது வுடு கண்ணு, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. ஊரில் ஒறம்பரை வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் "எப்போ கெளம்பறே?" என்று கேட்பார்கள், அதற்காகவே சில விசேஷங்களுக்குப் போகாமல் இருந்தேன். இங்கிலாந்து வேலைக்கான நேர்காணலில் என்னோடு தேறிய மற்ற பிள்ளைகள் விசா வாங்கிக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் அங்கே பனியில் நின்று எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்த நாட்கள் உண்டு. பொறாமைதான், வேறென்ன.

இதில் இன்னொரு கொடுமை, எதில் குறைந்தது என்று தெரியாது. மதிப்பெண் தாளில் ரைட்டிங்குக்கு ஒரே ஓர் எண்தான் இருக்கும். உள்ளே நான்கு பகுதிகளாகப் பிரித்துத்தான் போடுகிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொன்னோமா என்பது ஒன்று, எழுத்தின் கோர்வை ஒன்று, சொல்வளம் ஒன்று, இலக்கணம் ஒன்று. நான்குக்கும் சம எடை. இரண்டு டாஸ்க்கில் இரண்டாவதற்கு, அதாவது கட்டுரைக்கு, முதலாவதைப்போல இரு மடங்கு எடை. ஆனால் அந்த உள்கணக்கு நம் கைக்கு வராது. பயிற்சி மையத்தில் கேட்டால் "கிராமர்தாங்க பிரச்சினை, அட்வான்ஸ்டு பேட்ச் இருக்குது, சேர்ந்துக்குங்க" என்றார்கள். கோர்வையில் குறைந்திருக்கும் என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை, எனக்கும்தான். அத்தனை கனெக்டர் போட்டிருக்கிறோமே!

மறுமதிப்பீட்டுக்கும் போட்டுப் பார்த்தேன். தேர்வு எழுதி ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் மாறினால் கட்டின பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். எனக்கு மாறவில்லை. பணம் போனதுதான் மிச்சம். ஒன்று சொல்கிறேன்: ரைட்டிங் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் கீழே விழுந்து, நாம் வழக்கமாக வாங்குகிற அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் இருந்தால் போடலாம். இரண்டு முறையும் ஒரே எண் வந்திருந்தால் அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழி தெரிந்தது ஒரு நைட் டூட்டியில். வார்டு கொஞ்சம் அடங்கியிருந்த நேரத்தில், தேர்வு நடத்துகிறவர்களே இலவசமாக வெளியிட்டிருக்கும் பேண்ட் விளக்க அட்டவணையைப் போனில் இறக்கிப் படித்தேன். எந்த பேண்டுக்கு எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று நான்கு பகுதிக்கும் அதில் தனித்தனியாகப் போட்டிருக்கிறது. கோர்வைக்கான பத்தியைப் படித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போடுவது 5-க்கான அடையாளங்களில் ஒன்று. இணைப்பு இயந்திரத்தனமாக இருந்தால் 6. மேலே போகப் போக இணைப்பு கண்ணில் படாமல் இருக்க வேண்டும், 9-இல் அது கவனத்தை இழுப்பதே அரிது. அதாவது நான் எதற்காக சூப்பர் வாங்கினேனோ, அதையே இவர்கள் குறையாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்துக் குறையைக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தபோது வந்த கோபத்துக்கு அந்த லேமினேஷன் தாளைக் கிழிக்கப் பார்த்தேன். லேமினேஷன் என்பதால் கிழியவும் இல்லை.

சரி, கனெக்டர் இல்லாமல் எப்படிக் கோர்ப்பது? இதற்குப் பதில் என் வேலையிலேயே இருந்தது. ஒரு நாள் இன்சார்ஜ் சிஸ்டர், நோயாளி ஒருவர் இரவில் தவறி விழுந்ததைப் பற்றி நான் எழுதியிருந்த சம்பவ அறிக்கையைப் படித்துவிட்டு, "உன்னுது ஒரு வாட்டி படிச்சாப் போதும் அம்மணி, மத்தவங்களுது மேலயும் கீழயும் போயி ரெண்டு வாட்டி படிக்கோணும்" என்றார். அந்த நகலை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தேன். அதில் என்ன இருந்தது என்றால்: இரவு 2.10-க்கு நோயாளி கழிவறைக்குப் போக எழுந்தார். கட்டிலின் பக்கக் கம்பி அப்போது இறக்கியிருந்தது. அவர் இறங்கும்போது இடது பக்கமாக விழுந்தார். விழுந்ததில் இடது முழங்கையில் சிராய்ப்பு. காயத்தைச் சுத்தம் செய்துவிட்டு டூட்டி டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது. அவர் வந்து பார்த்து எக்ஸ்ரே எழுதினார்.

மோர்ஓவர் இல்லை, ஃபர்தர்மோர் இல்லை. ஆனாலும் ஒரு வரி அடுத்த வரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. எழுந்தார் என்றதும் கட்டில் வருகிறது, கட்டில் என்றதும் இறங்கியது, இறங்கியதும் விழுந்தது, விழுந்ததில் காயம், காயத்துக்கு டாக்டர். முன் வரியில் சொல்லி முடித்த விஷயத்தை அடுத்த வரி முதலில் எடுத்துக்கொண்டு, அதன்மேல் புதிதாக ஒன்றை வைக்கிறது. அவர், அப்போது, விழுந்ததில் மாதிரிச் சின்னச் சொற்கள்தான் ஒட்டு வேலை முழுவதையும் செய்கின்றன. ஆங்கிலத்தில் திஸ், தீஸ், சச், இட், தே என்று இருக்கிறதே, அவைதான். பேண்ட் அட்டவணையும் சுட்டுச்சொல்லை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்களா என்று தனியாகப் பார்க்கிறது. என் பயிற்சி மையத்துத் தாளில் அந்தச் சொற்கள் ஒன்றுகூடக் கிடையாது.

அன்று முதல் நான் வைத்துக்கொண்ட சோதனை இதுதான். பத்தியை எழுதி முடித்ததும் எல்லா இணைப்புச் சொற்களையும் விரலால் மறைத்துவிட்டுப் படிப்பேன். அப்படியும் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் பத்தி உருப்படும். சிதறினால், எந்தக் கனெக்டரை மாட்டினாலும் சிதறல்தான். பழைய கட்டுரை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முதியோரை வீட்டில் வைத்துப் பார்ப்பது நல்லதா, இல்லத்தில் சேர்ப்பது நல்லதா என்பது தலைப்பு. நான் எழுதியிருந்தது: ஃபர்ஸ்ட்லி, இல்லங்களில் மருத்துவ வசதி இருக்கிறது. மோர்ஓவர், பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். ஃபர்தர்மோர், மருத்துவச் செலவு கூடிவிட்டது. ஆன் தி அதர் ஹேண்ட், முதியோருக்கு அன்பு தேவை. தேர்ஃபோர், அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். மறைத்துப் படித்தால், சந்தையில் ஐந்து பேர் ஆளுக்கொரு பக்கம் கூவுகிற மாதிரி இருந்தது. அன்பு தேவை என்பதிலிருந்து அரசுக்கு எப்படிப் போனேன்? தேர்ஃபோர் போட்டதால் போய்விட்டேன், அவ்வளவுதான்.

அதையே திரும்ப எழுதினேன். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பெரியவர் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்குச் சர்க்கரை இறங்கினாலோ குளியலறையில் வழுக்கினாலோ பார்க்க ஆளில்லை. இந்த ஆபத்தைத்தான் இல்லங்கள் குறைக்கின்றன, ஏனென்றால் அங்கே எந்நேரமும் ஒரு நர்ஸ் இருப்பார். ஹவெவர், நர்ஸ் மருந்து கொடுக்கலாம், பேரப் பிள்ளையின் இடத்தை நிரப்ப முடியாது. கனெக்டர் என்று பார்த்தால் ஒரு பிக்காஸ், ஒரு ஹவெவர். ஹவெவர் அங்கே தேவைப்படுகிறது, ஏனெனில் பேச்சு அங்கே நிஜமாகவே திரும்புகிறது. திருப்பம் இருக்கிற இடத்தில் கைகாட்டி வேண்டும். நேர்ச்சாலையில் எதற்கு?

ஒரு பத்தியில் ஒரே விஷயம் என்பதையும் இதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நாற்பது நிமிடத்தில் 250 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டிய கட்டுரையில் முதல் சில நிமிடங்களைத் திட்டம் போடவே ஒதுக்கினேன். முதல் பத்தியில் எந்தப் பக்கம் பேசப் போகிறேன், இரண்டாவதில் என்ன, ஒவ்வொன்றுக்கும் ஏன், எப்படி, உதாரணம் என்ன என்று தமிழிலேயே கிறுக்கிக்கொள்வேன். திட்டத்தில் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால், எழுதும்போது இணைப்புச் சொல்லைத் தேட வேண்டியதே இல்லை.

நம் ஆட்கள் வழக்கமாகச் சறுக்குகிற சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆல்தோ என்று தொடங்கினால் நடுவில் பட் வரக்கூடாது. தமிழில் "மழை பெய்தாலும் ஆனால் வந்தான்" என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம், ஆங்கிலத்துக்குப் போனதும் தாராளமாகச் சொல்கிறோம். பிக்காஸ் இதற்கு நேர் எதிர். தமிழில் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு "ஏனென்றால்" என்று புதிய வாக்கியம் தொடங்கலாம், தப்பில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு பிக்காஸ் என்று ஒரு துண்டு எழுதினால் அது பாதி வாக்கியம், இலக்கணத்திலும் அடி விழும். ஹவெவர் என்பது பட் செய்கிற வேலையைச் செய்யாது. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவும் ஹவெவரும் வைத்து ஒட்ட முடியாது, முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். டெஸ்பைட் என்றால் டெஸ்பைட்தான், பின்னால் ஆஃப் கிடையாது. ஆன் தி கான்ட்ரரி என்பதை மறுபக்கத்தைச் சொல்ல எடுக்காதீர்கள். முன்னால் சொன்னது உண்மையே இல்லை, நேர்மாறாக இருக்கிறது என்று மறுக்கத்தான் அது. என் தாளில் அதற்கும் ஆன் தி அதர் ஹேண்டுக்கும் ஒரே தமிழ் அர்த்தம் போட்டிருந்தார்கள். லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட் என்பதில் அந்த 'தி' நம் நாட்டுச் சரக்கு. அதை எடுத்துவிட்டாலும் அது மேடைப் பேச்சுக்குத்தான், கட்டுரைக்கு வேண்டாம்.

முதல் டாஸ்க்கில், வரைபடத்தையோ அட்டவணையையோ 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்கும் பகுதியில், மோர்ஓவருக்கு வேலையே இல்லை. அங்கே ஒப்பிடத்தான் சொல் வேண்டும்: வொய்ல், வேர்ஆஸ், கம்பேர்ட் வித். எது ஏறியது, எது இறங்கியது, எது அப்படியே இருந்தது என்று ஒரே மாதிரிப் போக்குள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொன்னாலே கோர்வை வந்துவிடும். ஆண்டு வாரியாக ஒவ்வொரு எண்ணாக வாசித்துக்கொண்டு போனால் எந்தச் சொல்லும் காப்பாற்றாது.

ஸ்பீக்கிங்கில் இன்னும் கவனம். அங்கேயும் சரளத்தோடு கோர்வையையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள், ஆனால் அது பேச்சு. உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, எனக்கு முன்னால் வகுப்பில் பயிற்சி செய்த ஒரு தம்பி "ஃபர்தர்மோர், மை வில்லேஜ் ஹேஸ் கோகனட் ட்ரீஸ்" என்றான். யாரும் அப்படிப் பேசுவதில்லை. சோ, பட், பிக்காஸ், ஆக்சுவலி போதும்.

மூன்றாம் முறைக்குத் தயாரானபோது நான் எந்த வகுப்புக்கும் போகவில்லை. ஒரு கட்டுரை எழுதுவது, மறைத்துப் படிப்பது, மறுநாள் அதே கட்டுரையைத் திருப்பி எழுதுவது, இதுதான் பயிற்சி. புதுப் புதுத் தலைப்பாக எழுதிக் குவிப்பதைவிட, எழுதியதையே திருத்தி எழுதியதில்தான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. கணினித் தேர்வில் திரையிலேயே சொல் எண்ணிக்கை தெரியும் என்பதால் எண்ணுகிற நேரம் மிச்சம். அந்த நேரத்தில் ஒரு முறை மேலிருந்து கீழே படித்து, தேவையில்லாத இரண்டு மூன்று இணைப்புச் சொற்களை அழித்தேன். ரைட்டிங் 6.5 வந்தது. அப்பாவிடம் சொன்னபோது "அர மார்க்குக்கா இவ்வளவு பாடு" என்றுதான் முதலில் கேட்டார்.

பணத்தை மிச்சப்படுத்த இன்னும் சில விஷயங்கள். இங்கிலாந்து நர்ஸிங் கவுன்சில் பன்னிரண்டு மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஒன்றில் வராதது மற்றதில் வந்திருந்தால் போதும். ஆனால் இரண்டிலுமே ரைட்டிங் 6-க்கும், மற்றவை 6.5-க்கும் கீழே போயிருக்கக்கூடாது. இது தெரியாமல், லிசனிங் இறங்கிவிடுமோ என்று பயந்தே இரண்டாம் முறை பாதி நேரத்தை லிசனிங்குக்குச் செலவழித்தேன். கணினியில் எழுதியவர்கள் ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் மறுபடி எழுதும் வசதியும் வந்திருக்கிறது. அதை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை, நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நர்ஸ்களுக்கு ஓஇடி என்ற தேர்வும் இருக்கிறது. அதில் பொதுக் கட்டுரைக்குப் பதிலாக, நோயாளியின் குறிப்புகளைப் பார்த்து ஒரு கடிதம் எழுத வேண்டும், நம் வேலைக்கு நெருக்கமானது. ஆனால் கட்டணம் இதைவிட மிக அதிகம்.

கோச்சிங் சேரத்தான் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் நீங்கள் எழுதிய ஒரு கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான்கு பகுதிக்கும் தனித்தனியாக பேண்ட் போட்டு, ஏன் அந்த பேண்ட் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். கோர்வைக்கு எதிரே எத்தனை கனெக்டர் என்று எண்ணி எழுதினால், சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.